தடுப்பூசிகளின் கதை – 23: தாமதமாக வந்த ஆன்டிபாடி

சென்ற வாரம் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியோடு நிறுத்தியிருந்தோம். வைரஸ் முழுவதும் வேண்டாம், அதன் மேலுறையில் உள்ள ஒரேயொரு புரதம் போதும். அதை ஈஸ்ட்டில் வளர்த்தெடுத்து ஊசியில் ஏற்றினால் உடல் தானே ஆன்டிபாடி தயாரித்துக்கொள்ளும் என்று 1986-இல் நிரூபணமானது. அந்த வெற்றி தந்த தெம்பு அடுத்த இருபது ஆண்டுகளுக்கு ஒரு பெரிய கூட்டத்தையே தவறான பாதையில் நடத்திச் சென்றது. அந்தக் கதைதான் இந்த வாரம்.

1984 ஏப்ரல் 23 அன்று, அமெரிக்க சுகாதாரத் துறைச் செயலர் மார்கரெட் ஹெக்லர் வாஷிங்டனில் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். எய்ட்ஸுக்குக் காரணமான வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று அறிவித்தார். (அதை ஓராண்டுக்கு முன்பே பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசியும் லுக் மொன்டானியேவும் பிரித்தெடுத்திருந்தார்கள். யார் முதலில் என்ற சண்டையை இரு நாட்டு அரசுகள் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டியதாயிற்று.) அதே மேடையில் ஹெக்லர் இன்னொன்றும் சொன்னார். சோதனைக்குரிய தடுப்பூசி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் தயாராகிவிடும் என்பது நம்பிக்கை.

அந்த இரண்டு ஆண்டுகள் முடிந்த 1986-இல் தடுப்பூசி வரவில்லை. வைரஸ் சென்னைக்கு வந்து சேர்ந்திருந்தது தெரியவந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனீதி சாலமனின் வழிகாட்டலில் பட்ட மேற்படிப்பு மாணவி நிர்மலா பாலியல் தொழிலாளிகளிடம் சேகரித்த ரத்தம், வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதிக்கப்பட்டது. இந்தியாவில் எச்.ஐ.வி. பதிவான முதல் தருணம் அது.

அந்தப் பரிசோதனை தேடியது வைரஸை அல்ல, வைரஸுக்கு எதிராக உடல் தயாரித்த ஆன்டிபாடியை. இன்றும் முதல்கட்டப் பரிசோதனை பெரும்பாலும் அப்படித்தான். அப்படியானால் நோயாளியின் ரத்தத்தில் ஆன்டிபாடி தாராளமாகவே இருக்கிறது. இருந்தும் நோய் முற்றுகிறது, ஆள் இறந்துபோகிறார். அம்மையிலோ மஞ்சள் காமாலையிலோ இப்படி நடப்பதில்லை. ஆன்டிபாடி வந்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வோம். எச்.ஐ.வி.யில் இருக்கும் ஆன்டிபாடி ஏன் உதவவில்லை என்ற கேள்வியை எண்பதுகளிலேயே நின்று கேட்டிருக்க வேண்டும். கேட்டவர்கள் குறைவு.

பெரும்பாலோர் ஹெபடைடிஸ் வழியிலேயே போனார்கள். எச்.ஐ.வி.யின் மேற்பரப்பில் ஜிபி120 என்ற புரதம் இருக்கிறது. அதை ஆய்வகத்தில் தயாரித்து ஊசியாக்கியது ஜெனன்டெக் நிறுவனம். போட்டுக்கொண்டவர்களின் ரத்தத்தில் ஆன்டிபாடி நன்றாகவே ஊறியது. ஆய்வகத்தில் பல காலம் வளர்த்துப் பழக்கிய வைரஸ் வகைகளை அது முடக்கவும் செய்தது. நோயாளிகளின் ரத்தத்திலிருந்து நேராக எடுத்த வைரஸை விட்டுப் பார்த்தபோது ஒன்றும் நடக்கவில்லை. இதைக் கண்டு 1994-இல் அமெரிக்க அரசு பெரிய அளவிலான சோதனைக்குப் பணம் தர மறுத்தது. வேக்ஸ்ஜென் என்ற தனி நிறுவனம் உருவாகி, முதலீட்டாளர்களின் பணத்தில் 5,000-க்கும் மேற்பட்டோரிடம் சோதனை நடத்தியது. 2003 பிப்ரவரியில் முடிவு வந்தது. உண்மை ஊசி போட்டவர்களுக்கும் போலி ஊசி போட்டவர்களுக்கும் தொற்று விகிதத்தில் வித்தியாசமில்லை. அதே ஆண்டு அதே நிறுவனத்தின் தாய்லாந்துச் சோதனையும் அதே பதிலைச் சொன்னது.

ஜிபி120 ஏன் ஏமாற்றியது என்று புரிய வைரஸின் உடலமைப்பைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். எச்.ஐ.வி.யின் மேற்பரப்பில் முள் போல நீட்டிக்கொண்டிருக்கும் புரதங்கள் சராசரியாகப் பதினான்குதான். இன்ஃப்ளூயன்சா வைரஸில் இவை நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒவ்வொரு முள்ளும் மூன்று ஜிபி120, மூன்று ஜிபி41 மூலக்கூறுகள் சேர்ந்த மும்மைக் கட்டு. அது எளிதில் அவிழ்ந்துவிடும். தனியாக எடுத்த ஜிபி120 என்பது அவிழ்ந்து கிடக்கும் உதிரிப் பாகம். முழு முள்ளில் உள்ளே மறைந்திருக்கும் பகுதிகள் அதில் வெளியே தெரியும். உடல் அந்தப் பகுதிகளுக்கு எதிராக மெனக்கெட்டு ஆன்டிபாடி தயாரிக்கும். உண்மையான வைரஸ் வரும்போது அவை ஒட்ட இடமே இருக்காது.

அடுத்தது சர்க்கரைப் போர்வை. ஜிபி120-இன் எடையில் ஏறத்தாழப் பாதி சர்க்கரைச் சங்கிலிகள். அவற்றை ஒட்டித் தருவது நம்முடைய செல்லேதான், ஆகவே நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு அவை சொந்த வீட்டுச் சரக்காகத் தெரிகின்றன. வைரஸ் அந்தப் போர்வையை இழுத்து இழுத்து மாற்றிப் போர்த்திக்கொள்ளும் என்று 2003-இல் ஜார்ஜ் ஷாவின் குழு காட்டியது.

மூன்றாவதுதான் மிகக் கொடுமையானது. எச்.ஐ.வி. தன்னைப் பிரதியெடுக்கும்போது ஓயாமல் பிழை விடும். ஓராண்டில் உலகம் முழுவதும் சுற்றும் இன்ஃப்ளூயன்சா வைரஸில் எவ்வளவு வேறுபாடு உண்டோ, ஏறத்தாழ அவ்வளவு வேறுபாடு சில ஆண்டுகள் தொற்றுள்ள ஒரே மனிதரின் உடலில் எச்.ஐ.வி.யில் உண்டு. ஆன்டிபாடி ஒன்று தயாராகி வருவதற்குள் வைரஸ் உருவம் மாறிவிடும். நேற்றைய வைரஸுக்கு எதிரான ஆயுதத்தோடு இன்றைய வைரஸின் முன்னால் உடல் நிற்கும். நோயாளிகளின் ரத்தத்தில் ஆன்டிபாடி இருந்தும் பயனில்லாமல் போனது இதனால்தான்.

ஆனாலும் வைரஸ் மாற்ற முடியாத சில இடங்கள் உண்டு. மனித செல்லின் சி.டி.4 என்ற ஏற்பியைப் பிடித்தால்தான் அது உள்ளே நுழைய முடியும்; பிடிக்கும் இடத்தை மாற்றிக்கொண்டால் அதன் பிழைப்பே போய்விடும். அப்படிப்பட்ட இடத்தில் போய் ஒட்டும் ஆன்டிபாடி எவரிடமாவது இருக்குமா?

கலிஃபோர்னியாவின் லா ஹோயாவில் உள்ள ஸ்க்ரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் டென்னிஸ் பர்ட்டனும் கார்லோஸ் பார்பாஸும் 1990-களின் தொடக்கத்தில் ஒன்றைக் கண்டெடுத்தார்கள். தொற்று இருந்தும் நீண்ட நாள் நோய் அறிகுறி இல்லாத ஒருவரின் எலும்பு மஜ்ஜையிலிருந்து ஆன்டிபாடி மரபணுக்களை எடுத்து, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களின் மேல் அவற்றைக் காட்சிக்கு வைத்து, ஒவ்வொன்றாகச் சலித்துப் பிடித்ததுதான் பி12. (வைட்டமினுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.) நோயாளிகளிடமிருந்து நேராக எடுத்த பலவகை வைரஸ்களை அது முடக்கியது. வியன்னாவில் ஹெர்மன் காட்டிங்கரின் ஆய்வகம் இன்னும் மூன்றைக் கண்டுபிடித்தது: 2ஜி12, 2எஃப்5, 4இ10. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு உலகத்தின் கையிருப்பு பெரும்பாலும் இந்த நான்குதான். நான்குமே விசித்திரப் பிறவிகள். 2ஜி12-இன் இரண்டு கைகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருந்தன. வேறெந்த மனித ஆன்டிபாடியிலும் அதுவரை அப்படிப் பார்த்ததில்லை. 2எஃப்5, 4இ10 இரண்டும் நம் சொந்த செல்களின் கொழுப்புகளிலும் ஒட்டுவதாக டியூக் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹேன்ஸ் 2005-இல் கண்டார். இத்தகைய ஆன்டிபாடிகளை உடல் தனக்கே ஆபத்து என்று கருதி முளையிலேயே கிள்ளிவிடுகிறது என்பது அவர் வாதம்.

விசித்திரமானாலும் அவை வேலை செய்தன. குரங்குகளுக்கு முதலில் இந்த ஆன்டிபாடிகளை ஏற்றிவிட்டு, பிறகு எச்.ஐ.வி.யின் மேலுறை பூட்டிய குரங்கு வைரஸைச் செலுத்தினார்கள். பல குரங்குகளுக்குத் தொற்றவே இல்லை. தாமதமாக வந்தால் பயனற்றுப்போகும் அதே ஆன்டிபாடி, முன்கூட்டியே காத்திருந்தால் காவல் என்பது உறுதியானது. 1997 மே மாதத்தில் அதிபர் பில் கிளின்டன் எய்ட்ஸ் தடுப்பூசிக்குப் பத்தாண்டு கெடு விதித்திருந்தார். கெடு முடிந்த 2007-இல் கையில் இருந்தவை தோற்றுப்போன சில சோதனைகளும் இந்த நான்கு ஆன்டிபாடிகளும்தான்.

திருப்பம் 2006-இல் தொடங்கி 2009-இல் வெளியே தெரிந்தது. சர்வதேச எய்ட்ஸ் தடுப்பூசி முயற்சி என்ற ஐ.ஏ.வி.ஐ. அமைப்பு ஆப்பிரிக்கா, ஆசியா, ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா எங்கும் தொற்றுள்ள 1,800-க்கும் அதிகமானோரிடம் ரத்தம் சேகரித்தது. ‘புரோட்டோகால் ஜி’ என்று அதற்குப் பெயர். எவருடைய ரத்தம் பலவகை வைரஸ்களை முடக்குகிறது என்று வரிசைப்படுத்தியபோது, நூற்றில் ஒருவர் அளவுக்கு அசாத்திய ரத்தம் உள்ளவர்கள் இருந்தார்கள். அதில் ஒரு ஆப்பிரிக்கக் கொடையாளரின், ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல்கள் ஏறத்தாழ 30,000-ஐத் தனித்தனியே வளர்த்துச் சோதித்ததில் கிடைத்தவை பி.ஜி.9, பி.ஜி.16.

இங்கே முறை மாறியிருப்பதைக் கவனியுங்கள். அதுவரை ஜிபி120-ஐத் தூண்டிலில் மாட்டி, அதில் ஒட்டும் ஆன்டிபாடியைப் பிடிப்பார்கள். இம்முறை ஒட்டுகிறதா என்று கேட்கவில்லை. வைரஸை முடக்குகிறதா என்றுதான் கேட்டார்கள். பி.ஜி.9-க்கும் பி.ஜி.16-க்கும் பிடித்தமானது முழு மும்மைக் கட்டு. உதிரி ஜிபி120-ஐ அவை அதிகம் சீண்டுவதில்லை. பழைய தூண்டிலில் எந்தக் காலத்திலும் சிக்கியிருக்காது.

அடுத்த ஆண்டே அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் தடுப்பூசி ஆய்வு மையத்தில் ஜான் மாஸ்கோலா, கேரி நேபல், பீட்டர் குவாங் ஆகியோரின் குழுக்கள் தூண்டிலையே திருத்தி எழுதின. ஜிபி120-இல் சி.டி.4 பிடிக்கும் இடத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டு, மற்றப் பரப்பையெல்லாம் எச்.ஐ.வி.க்குத் தொடர்பில்லாத வகையில் மாற்றினார்கள். ஆவணங்களில் ‘45-ஆம் கொடையாளர்’ என்று மட்டும் குறிப்பிடப்படும் ஒருவரின் ஏறத்தாழ இரண்டரைக் கோடி ரத்த செல்களைச் சலித்ததில் 29 செல்கள் தேறின. அவற்றிலிருந்து வந்தது வி.ஆர்.சி.01. சோதித்த வைரஸ் வகைகளில் சுமார் 90 சதவீதத்தை அது முடக்கியது. பி12-ஓ பாதியைக்கூடத் தாண்டியதில்லை.

இத்தனை வல்லமை எப்படி வந்தது என்று அதன் மரபணுவைப் படித்தபோதுதான் ஆய்வாளர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. பி செல் ஒன்று தொற்றைச் சந்திக்கும்போது தன் ஆன்டிபாடி மரபணுவைச் சிறிது சிறிதாக மாற்றிக் கூர்தீட்டிக்கொள்ளும். சாதாரணமாக நூற்றுக்குப் பத்து எழுத்துக்குள் மாற்றம் நின்றுவிடும். வி.ஆர்.சி.01-இன் கனச் சங்கிலி என்ற பாகத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு எழுத்துகள் மாறியிருந்தன. அந்த மாற்றங்களையெல்லாம் பின்னோக்கி அழித்து, ஆதியில் பிறந்த வடிவத்தைத் தயாரித்துப் பார்த்தார்கள். அது எச்.ஐ.வி.யின் எந்தப் புரதத்திலும் ஒட்டவில்லை! அதாவது, சாதாரண ஜிபி120-ஐ எத்தனை முறை ஊசியாகப் போட்டாலும் இந்தப் பரம்பரையின் முதல் செல் திரும்பிக்கூடப் பார்க்காது. இருபது ஆண்டுத் தோல்விக்கு இதைவிடத் துல்லியமான விளக்கம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

நோயாளியின் உடலில் மட்டும் இது எப்படி நடந்தது? 2013-இல் ஹேன்ஸ் குழு வெளியிட்ட ஆய்வு அதற்குப் பதில் சொன்னது. ஆப்பிரிக்காவில் ஒருவரைத் தொற்று ஏற்பட்ட சில வாரங்களிலிருந்தே ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து, அவருடைய வைரஸையும் ஆன்டிபாடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்கள். வைரஸ் தப்பிக்க ஓர் அடி எடுத்து வைத்தது. ஆன்டிபாடி ஓர் அடி எட்டிப் பிடித்தது. வைரஸ் மறுபடி நழுவியது. இந்தத் துரத்தல் ஆண்டுக்கணக்கில் நடந்த பிறகே பல வகைகளை முடக்கும் ஆன்டிபாடி உருவானது. அதற்குள் அவருடைய சொந்த வைரஸ் அதனிடமிருந்தும் தப்பிவிட்டிருந்தது. தனக்கு உதவாத ஒன்றைப் பிறருக்காகத் தயாரித்துக் கொடுத்தவர்கள் இந்தக் கொடையாளர்கள்.

டர்பனில் சலீம் அப்துல் கரீம், குவாரைஷா அப்துல் கரீம் தம்பதி நடத்தும் காப்ரிசா நிறுவனத்தின் பெண் பங்கேற்பாளர் ஒருவரிடமிருந்தும் இதே போன்ற வரலாறு கிடைத்தது. அவருடைய ஆன்டிபாடிக்கு சி.ஏ.பி.256-வி.ஆர்.சி.26 என்று பெயர்.

மும்மைக் கட்டை அவிழாமல் நிறுத்தும் வேலை இதற்கிடையே வேறோர் ஆய்வகத்தில் பத்தாண்டுக்கு மேலாக நடந்துகொண்டிருந்தது. நியூயார்க்கில் ஜான் மூரும் நெதர்லாந்துக்காரரான ரோஜியர் சாண்டர்ஸும் முள்ளின் இரு பாகங்களை ஒரு கந்தகப் பிணைப்பால் இறுக்கினார்கள். ஓரிடத்தில் ஐசோலூசினை எடுத்துவிட்டு வளைந்துகொடுக்காத புரோலினை வைத்தார்கள். ‘சோசிப்’ என்ற அந்த வடிவம், கென்யாவில் ஒரு கைக்குழந்தையிடம் கிடைத்த பி.ஜி.505 என்ற வைரஸ் வகையில்தான் ஒருவழியாக நிலைத்து நின்றது. 2013 இறுதியில் அதன் முப்பரிமாணப் படம் வெளியானது. புரோலின் வைத்துப் புரதத்தை இறுக்கும் இந்த வித்தை பிற்பாடு கொரோனா முள்ளுக்கும் பயன்பட்டது. மாடர்னா, ஃபைசர் ஊசிகளில் அது இருக்கிறது. (நம்மில் பலர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டில் இல்லை.) எச்.ஐ.வி. ஆய்வில் கொட்டிய பணமெல்லாம் வீண் என்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

சோசிப்பை முயலுக்கும் குரங்குக்கும் போட்டார்கள். கிடைத்த ஆன்டிபாடி பெரும்பாலும் அந்த ஒரு வைரஸ் வகையோடு நின்றுவிட்டது. மாட்டுக்குப் போட்டுப் பார்த்ததுதான் வேடிக்கை. ஸ்க்ரிப்ஸின் டெவின் சோக், வான் ஸ்மைடர் குழு நான்கு மாடுகளுக்கு ஊசி போட்டது. மனிதருக்கு ஆண்டுக்கணக்கில் ஆவது மாட்டுக்கு ஆறே வாரத்தில் தொடங்கிவிட்டது. ஓராண்டு தாண்டியதும் ஒரு மாட்டின் ரத்தம் சோதித்த வைரஸ் வகைகளில் 96 சதவீதத்தை முடக்கியது. மாட்டின் ஆன்டிபாடிகளில் சிலவற்றுக்கு இயல்பிலேயே மிக நீண்ட சுட்டுவிரல் போன்ற ஒரு வளையம் உண்டு. சர்க்கரைப் போர்வைக்குள் அது எளிதாக நுழைந்துவிடுகிறது. 2017-இல் வெளியான இந்த ஆய்வு தடுப்பூசிக்கு நேரடியாக உதவவில்லை. மாட்டின் மரபணு நமக்கு இல்லையே.

நமக்கு இருக்கும் மரபணுவை வைத்துத்தான் வேலை பார்க்க வேண்டும். வில்லியம் ஷீஃப் அதைத்தான் எடுத்துக்கொண்டார். ஸ்க்ரிப்ஸில் இருக்கும் இவர் அடிப்படையில் இயற்பியல் படித்தவர். வி.ஆர்.சி.01-இன் முன்னோராகக்கூடிய பி செல் ஆரோக்கியமான மனிதர்களின் உடலிலும் உண்டு. ஏறத்தாழ மூன்று லட்சம் பி செல்லுக்கு ஒன்று. அந்த ஒன்றைத் தேடிப்பிடித்து எழுப்பவென்றே கணினியில் ஒரு புரதத்தை வடிவமைத்தார்: இ.ஓ.டி-ஜி.டி.8. அதை 60 பிரதிகளாக ஒரு நுண்துகளின் மேல் பதித்தார். எழுத்தறியாப் பிள்ளைக்கு முதலில் அரிச்சுவடி, பிறகு ஆத்திசூடி, அப்புறம்தான் கம்பன் என்பதுபோல, முதல் ஊசி முன்னோரை எழுப்ப. அடுத்தடுத்த ஊசிகள் ஒவ்வொன்றும் உண்மையான எச்.ஐ.வி. முள்ளுக்குச் சற்று நெருங்கிய வடிவம்; கடைசி ஊசி முழு மும்மைக் கட்டு. நோயாளியின் உடலில் ஆண்டுக்கணக்கில் நடந்த துரத்தலை நோயில்லாமலே நடத்திக் காட்டும் திட்டம் இது.

முதல் ஊசியின் சோதனை 2018-இல் 48 பேரோடு தொடங்கியது. உண்மை ஊசி பெற்ற 36 பேரில் 35 பேருக்கு எதிர்பார்த்த முன்னோர் செல்கள் விழித்தெழுந்தன. தவறிய ஒருவருக்கு அதற்குத் தேவையான மரபணு வடிவம் பிறவியிலேயே இல்லை. தடுப்பூசி வரலாற்றில், குறிப்பிட்ட ஒரு வகை பி செல்லைக் குறிவைத்து வடிவமைத்த மருந்து மனிதரில் குறியைத் தொட்டது இதுவே முதல் முறை. இதே புரதத்தை மாடர்னாவின் எம்.ஆர்.என்.ஏ. வடிவில் அமெரிக்காவிலும், பிறகு ருவாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் சோதித்தார்கள். 2025 மே மாதம் வெளியான முடிவுகளின்படி முதல் படி ஆப்பிரிக்காவிலும் பலித்தது. அமெரிக்காவில் வேறு வடிவ ஊசியால் இரண்டாம் படியும் ஏறியது. ஆனால் அங்கே ஊசி போட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத் தோலில் அரிப்போ தடிப்போ வந்தது. அதன் காரணத்தைத் தீர்க்காமல் நோயற்ற பெருந்திரளுக்கு இதைப் போட முடியாது.

இத்தனை பாடுபட்டு ஆன்டிபாடியை உடலில் வரவழைத்துவிட்டால் அது காக்குமா? தடுப்பூசிக்குக் காத்திராமல், வி.ஆர்.சி.01-ஐயே எட்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றிப் பார்த்தார்கள். 2016-இல் தொடங்கிய இந்தச் சோதனைகளில் 4,600-க்கும் அதிகமானோர் பங்கேற்றனர். 2021 ஜனவரியில் முடிவு வந்தது. மொத்தத்தில் காப்பு இல்லை. ஆனால், அந்த ஆன்டிபாடிக்கு எளிதில் மசியும் வைரஸ் வகைகளை மட்டும் பிரித்துப் பார்த்தால் 75 சதவீதம் காப்பு இருந்தது. சோதனை நடந்த இடங்களில் அப்படி மசியும் வகைகள் சுமார் 30 சதவீதம்தான். ஆய்வகத்தில் 90 சதவீத வைரஸை முடக்கிய ஆன்டிபாடி, ஊரில் மூன்றில் ஒரு பங்கைத்தான் சமாளித்தது. ஒரே ஆன்டிபாடி போதாது, வெவ்வேறு இடங்களில் ஒட்டும் இரண்டு மூன்று வகைகளாவது சேர்ந்து வேண்டும், அவையும் அதிக அளவில் வேண்டும். அதாவது ஷீஃபின் படிக்கட்டு ஒன்று போதாது. அதுபோல இரண்டு மூன்றைக் கட்ட வேண்டும்.

இந்தியாவின் பங்கைச் சொல்லாமல் விடக்கூடாது. 2006-இல் சென்னை சேத்துப்பட்டில் உள்ள காசநோய் ஆராய்ச்சி மையத்தில் ஐ.ஏ.வி.ஐ. உதவியோடு எச்.ஐ.வி. தடுப்பூசி ஒன்றின் முதல்கட்டச் சோதனை நடந்தது. அது ஆன்டிபாடியைக் குறிவைத்ததல்ல, வேறு வழி. பாதுகாப்பானது என்று தேறியதோடு நின்றுவிட்டது.

2025 மே 30 அன்று அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் டியூக், ஸ்க்ரிப்ஸ் ஆகிய இரு இடங்களிலும் இயங்கும் எச்.ஐ.வி. தடுப்பூசிக் கூட்டமைப்புகளுக்கான நிதியை அடுத்த ஆண்டோடு நிறுத்துவதாகத் தெரிவித்தது. மேலே நான் விவரித்த ஹேன்ஸ், பர்ட்டன், ஷீஃப் மூவரின் வேலையும் பெருமளவு அந்த நிதியில் நடந்ததுதான். ஹெக்லரின் அவசரத்தைவிட இந்த முடிவு எனக்குப் பெரிய பிழையாகப் படுகிறது. அவர் வாக்குக் கொடுத்தபோது எவருக்கும் எதுவும் தெரியாது. இப்போது வழி தெரிகிறது. 2024-இல் மட்டும் உலகில் 13 லட்சம் பேருக்குப் புதிதாக எச்.ஐ.வி. தொற்றியது. அவர்களுக்குப் போட உரிமம் பெற்ற தடுப்பூசி எதுவும் இன்றுவரை இல்லை.

தாய்லாந்தில் 16,000 பேரிடம் நடத்தி, 2009-இல் 31 சதவீதம் காப்பு என்று அறிவித்து உலகத்தையே அதிரவைத்த சோதனையை நான் வேண்டுமென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன். வேக்ஸ்ஜெனின் தோற்றுப்போன ஜிபி120 அதில் மறுபடி தலைகாட்டியது. அது அடுத்த வாரம்.